முதல் நாள் என்ன கேட்பார்கள்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு,

பெயர் போட வேண்டாம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நோட்டு, பேப்பர் கடை வைத்திருக்கிறேன். வயது 43. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் ஆளுயரத் தண்ணீர். சரக்கு மொத்தமும் கூழாகிப்போனது. கடன் வாங்கி மறுபடி கடையைத் திறந்துவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டதுபோலத்தான் தெரியும். ஆனால் ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால் நெஞ்சு படபடக்கிறது. வீட்டில் தொட்டதற்கெல்லாம் சத்தம் போடுகிறேன்.

அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை மட்டும் போதாது, ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் தொடர்ந்து பேச வேண்டும் என்றும் சொன்னார். பாளையங்கோட்டையில் ஒருவரிடம் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அங்கே என்ன கேட்பார்கள்? எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? மயக்கி வாயைப் பிடுங்குவார்களா? வெளியே தெரிந்தால் ‘கோட்டி டாக்டர்ட்ட போறான்’ என்பார்கள், எனக்குப் பத்தாவது படிக்கிற மகள் இருக்கிறாள். வீட்டுக்காரி, “எங்கிட்ட சொல்லாததையா துட்டு குடுத்து இன்னொருத்தர்ட்ட சொல்லப் போறிய?” என்கிறாள். அம்மா, குலசாமிக்குக் கொடை பாக்கி இருக்கிறது, அதைக் கழித்தால் சரியாகும் என்கிறாள். இதெல்லாம் எத்தனை நாளில் முடியும்?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை போங்கள். தள்ளிப்போடாதீர்கள். நானும் ஒரு சாவுக்குப் பிறகு இதுபோன்ற அறையில் போய் உட்கார்ந்தவன்தான், அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

அறைக்குள் இரண்டு மூன்று நாற்காலிகள் இருக்கும், அவ்வளவுதான். சினிமாவில் வருவதுபோலப் படுக்கவைத்து ஊசலாட்டிக் காட்ட மாட்டார்கள். ஹிப்னாடிசம் என்று ஒரு முறை உண்டு. அதைச் செய்வதாக இருந்தாலும் உங்களிடம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் செய்வார்கள். உங்கள் விஷயத்துக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை பேசுவீர்கள். முதலில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கட்டணம் எவ்வளவு, வர முடியாமல் போனால் எப்போது சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

முதல் சந்திப்பில் பெரும்பாலும் விசாரணைதான் நடக்கும். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சர்க்கரை, தைராய்டு உண்டா, குடிப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் இருந்ததா என்று கேட்பார்கள். குடிக்கிறீர்கள் என்றால் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். உங்களைத் திட்ட அங்கே யாரும் இல்லை. குடியும் தூக்கமின்மையும் ஒன்றையொன்று வளர்த்துவிடும் என்பதற்காகத்தான் கேட்கிறார்கள். ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து, கடந்த இரண்டு வாரங்களில் இவையெல்லாம் எத்தனை நாள் இருந்தன என்று குறிக்கச் சொல்லலாம். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. செத்துவிட்டால் தேவலை என்று தோன்றியதா என்று நேராகவே இருக்கும். பலர் அந்த இடத்தில் திடுக்கிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ‘இல்லை’ என்று குறித்துவிடுகிறார்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. கடன் கழுத்தை நெரித்த ஏதாவது ஒரு ராத்திரியில் அப்படித் தோன்றியிருந்தால் தோன்றியது என்றே குறியுங்கள். அதற்காக அங்கேயே பிடித்து வார்டில் சேர்த்துவிட மாட்டார்கள். எப்போது, எவ்வளவு தீவிரமாக என்று பேசுவார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. அங்கே போய் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளாதீர்கள்.

நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. வீடே இடிந்து கிடந்தாலும் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், ‘நல்லா இருக்கோம், வாங்க, காப்பி குடிங்க’ என்போம். வெள்ளத்துக்கு அடுத்த வாரம் சேற்றை வாரிக்கொண்டே அப்படிச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதை நல்லதுதான், அதை வைத்துத்தான் அந்த டிசம்பரை ஊர் தாண்டியது. ஆனால் அதே மரியாதையோடு சைக்காலஜிஸ்ட் முன்னால் போய் உட்கார்ந்து, ‘இப்போ பரவாயில்ல சார், உங்ககிட்ட பேசினதுல கொஞ்சம் தெளிவா இருக்கு’ என்று அவரைச் சந்தோஷப்படுத்திவிட்டு எழுந்து வந்தால், போன காரியம் நடக்காது. அவர் சொன்னது புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். அவர் கேட்ட ஏதோ ஒன்று எரிச்சலூட்டியது என்றால் அதையும் சொல்லுங்கள். அடுத்த வாரத்துக்கு அவர் கொடுத்த பயிற்சியைச் செய்யவில்லை என்றால், செய்தேன் என்று பொய் சொல்ல வேண்டாம். ஏன் செய்ய முடியவில்லை என்று பேசினாலே அந்த ஒரு மணி நேரம் உருப்படியாகப் போகும்.

நல்ல பிள்ளையாக இருப்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. ‘நீங்க சொல்லுங்க சார், நான் என்ன செய்யணும்?’ என்று கையைக் கட்டிக்கொள்வது. பெரியவர்களிடம் போனால் புத்தி சொல்வார்கள், கேட்டுக்கொண்டு வரலாம் என்றுதான் நாம் வளர்ந்திருக்கிறோம். ஜஸ்வந்த் சிங் நேக்கி என்ற இந்திய மனநல மருத்துவர் 1973-லேயே இதைப் பற்றி எழுதினார். பஞ்சாபிக் கவிஞரும்கூட. நம் நாட்டு நோயாளி மருத்துவரிடம் ஒரு குருவைத் தேடித்தான் வருகிறான், அதைக் குறையாகப் பார்க்காமல் சிகிச்சைக்கே பயன்படுத்தலாம் என்பது அவர் கருத்து. எனக்கு அதில் பாதி உடன்பாடு. ஆரம்பத்தில் அந்த நம்பிக்கை உங்களைப் படி ஏற்றிவிடும். நாள் போகப்போக வேலையின் பெரும்பகுதி உங்களுடையதாக ஆக வேண்டும். எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-ல் இந்த உறவுக்கு மூன்று அம்சங்களைச் சொன்னார். எதற்காகப் பேசுகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, அப்புறம் இருவருக்கும் இடையே ஒரு பிடிப்பு. எந்த முறை சிகிச்சையாக இருந்தாலும் இந்த மூன்றும் அமைந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அதனால், ‘உங்களுக்கு என்ன மாற வேண்டும்?’ என்று அவர் கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். ‘நிம்மதி வேணும்’ என்றால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மழை ராத்திரியில் நாலு மணி நேரமாவது தூங்க வேண்டும், மகளிடம் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்று சொன்னால் அங்கிருந்து தொடங்கலாம்.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதல் நாளில் நிச்சயமாக வேண்டாம். ‘இதைப் பற்றி இன்றைக்குப் பேச வேண்டாம்’ என்று நீங்கள் சொன்னால் நல்ல சிகிச்சையாளர் அதோடு விட்டுவிடுவார். வெள்ளம் வந்த அந்த ராத்திரியை ஆரம்பத்திலேயே அணு அணுவாக விவரிக்கச் சொல்லவும் மாட்டார். முதலில் மூச்சு, தூக்கம், படபடப்பு வரும்போது தன்னை நிறுத்திக்கொள்வது என்று உங்களுக்குப் பிடிமானம் ஏற்படுத்துவார். அதற்குப் பிறகுதான், நீங்கள் தாங்குவீர்கள் என்று தெரிந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அந்த ராத்திரிக்குள் கூட்டிப்போவார். உங்கள் பேச்சிலேயே பேசுங்கள். ஆஸ்பத்திரித் தமிழ் தேவையில்லை. நெஞ்சுக்குள்ள ‘திக்கு’ன்னு இருக்கு என்றால் அப்படியே சொல்லுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல்தான் பலர் இரண்டாவது மூன்றாவது சந்திப்போடு நின்றுவிடுகிறார்கள். சில நாள் பேசிவிட்டு வந்தபின் முன்பைவிட மோசமாக இருக்கும். அழுகை வரும், கனவு வரும், உடம்பு அடித்துப்போட்டதுபோல இருக்கும். தண்ணீர் வடிந்து நீங்கள் முதன்முதலாக ஷட்டரைத் தூக்கிய அன்றைக்குத்தானே நாற்றம் முகத்தில் அடித்திருக்கும்? அதுபோலத்தான் இதுவும். அந்த வாரத்தில் போகாமல் இருந்துவிடாதீர்கள். ‘போன வாரம் பேசியபிறகு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது’ என்று போய்ச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைப்பது அவர் பொறுப்பு. மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலான மனநல மாத்திரைகள் முழுதாக வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். கூட்டுவதும் குறைப்பதும் எழுதிக் கொடுத்த டாக்டரின் கையில் இருக்கட்டும்.

வெளியே தெரியுமா என்பதற்கு வருகிறேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதை நோயாளியின் உரிமையாகவும் மருத்துவத் துறையினரின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது. விலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் அவர் பேச வேண்டியிருக்கும். இந்த விலக்குகளை முதல் சந்திப்பிலேயே அவர் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். நம்முடையது சின்ன ஊர். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்திலோ ஒரு கல்யாண வீட்டிலோ அவரை எதிரே பார்த்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டு வையுங்கள். நீங்களாக வணக்கம் சொன்னாலொழிய அவர் உங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, பெரும்பாலோர் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். அவர் உங்கள் சொந்தக்காரராகவோ கடைக்கு வாடிக்கையாளராகவோ இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். படிப்பையும் விசாரியுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்கிறவருக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் கோபப்பட மாட்டார். மூன்றே நாளில் குணம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஊர் பேசுவதைச் சட்டத்தால் நிறுத்த முடியாது, உண்மைதான். ஆனால் மகளுக்காக என்கிறீர்களே, அவள் இப்போதே ஒவ்வொரு மழைக்கும் அப்பா எழுந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

உங்கள் வீட்டில் கேட்ட கேள்வி நியாயமானது. அதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அவர்களிடம் நீங்கள் சொல்லாததற்குக் காரணம் நம்பிக்கைக் குறைவாக இருக்காது. சொன்னால் அவர்கள் முகம் வாடும், அந்த முகத்தைப் பார்த்து நீங்கள் பாதியில் நிறுத்திவிடுவீர்கள். சைக்காலஜிஸ்ட்டிடம் அப்படி எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை. இதை அவர்களிடமே இப்படிச் சொல்லிப் பாருங்கள். இந்தியாவில் குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது புதிதுமல்ல. 1950-களில் அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற மருத்துவர், மனநல மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். உங்களுக்குச் சம்மதம் என்றால் ஒரு சந்திப்புக்கு அவர்களையும் கூட்டிப்போகலாம். அங்கே எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை முன்பே சிகிச்சையாளரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அம்மாவோடு சண்டை வேண்டாம். கொடையைக் கழியுங்கள். வில்லுப்பாட்டும் மேளமுமாக ஊரே கூடி நிற்கிற அந்த இரண்டு ராத்திரி உங்களுக்கு நல்லதுதான் செய்யும். மாத்திரையை விடு, ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று யாராவது குறி சொன்னால் மட்டும் அதைக் கேட்காதீர்கள்.

எத்தனை நாள்? உங்களுடையதுபோல ஒரு குறிப்பிட்ட சம்பவத்திலிருந்து வந்த பயத்துக்கு, வாரம் ஒன்று வீதம் 8 முதல் 12 சந்திப்புகள் என்று பொதுவாகத் திட்டமிடுவார்கள். கடன் கவலை, குடும்பச் சிக்கல் என்று கூடவே இழுத்துக்கொண்டு வந்தால் நீளும். நான்கு சந்திப்புகள் முடிந்ததும், ‘நாம் சரியான திசையில் போகிறோமா?’ என்று நீங்களே கேளுங்கள். அவரோடு ஒட்டவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடாமல், அதை அவரிடமே சொல்லி வேறு ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள். கட்டணம் கட்டுபடியாகவில்லை என்றால் ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் ஏதாவது ஒரு ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. காசு கிடையாது, தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை பேசி முடித்ததும் நேரே கடைக்குப் போகாமல், அன்றைக்கு மட்டும் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி