சிறிய மின்சார காரில் ஏசி போட்டால் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) எவ்வளவு குறையும்? வேகச் சார்ஜில் இருக்கும்போது குளிர்ச்சி ஏன் குறைகிறது?

மோட்டார் கிலோமீட்டர் கணக்கில் சாப்பிடும், ஏசி மணிக்கணக்கில் சாப்பிடும். இதைப் பிடித்துக்கொண்டால் முதல் கேள்விக்கு நீங்களே விடை போட்டுவிடலாம்.

20 யூனிட் (20,000 வாட்-மணி) பேட்டரி, கிலோமீட்டருக்கு 100 வாட்-மணி செலவு என்று வைத்துக்கொள்வோம். ஏசி இல்லாமல் 200 கி.மீ. வெயிலில் நின்ற காரைக் குளிர வைக்கும்போது ஏசி 2 கிலோவாட் அல்லது அதற்கு மேலும் இழுக்கும். உள்ளே குளிர்ந்த பிறகு அரை முதல் ஒரு கிலோவாட் போதும். சராசரியாக 1 கிலோவாட் எடுத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது ஏசிக்காக கிலோமீட்டருக்கு 17 வாட்-மணிதான் கூடும். ரேஞ்ச் சுமார் 171 கி.மீ. அதே கார் நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 50 வாட்-மணி கூடிவிடும். ரேஞ்ச் 133 கி.மீ.க்கு இறங்கும். ஏசியால் இத்தனை சதவீதம் குறையும் என்று யாராவது ஒற்றை எண் சொன்னால், எந்த வேகத்தில் என்று கேளுங்கள்.

சிறிய காரில் குறுகிய பயணங்களே அதிகம் என்பதால், முதல் பத்து நிமிடச் செலவைக் குறைப்பதில்தான் லாபம். சார்ஜர் செருகியிருக்கும்போதே, கிளம்புவதற்கு 10 நிமிடம் முன்பு ஆப் வழியாக ஏசியைப் போட்டுவிடுங்கள். அந்த மின்சாரம் பெரும்பாலும் பேட்டரியிலிருந்து போகாது. அந்த வசதி இல்லையென்றால் கண்ணாடிகளை இறக்கி ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டி, அடைந்திருக்கும் சூட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு கண்ணாடியை ஏற்றி உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றி 24 அல்லது 25 டிகிரியில் வையுங்கள். நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு மறைப்பு போடுவது அவசியம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவாட் வெப்பம் தரும். கண்ணாடி வழியாக அது டாஷ்போர்டில் ஏறிவிட்டால், காற்று குளிர்ந்த பிறகும் டாஷ்போர்டு நெடுநேரம் அனலடிக்கும்.

குளிர் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். மின்சாரத்தை நேரடியாக வெப்பமாக்கும் சாதாரண பிடிசி ஹீட்டர் 1 கிலோவாட் மின்சாரத்துக்கு 1 கிலோவாட் வெப்பம்தான் தரும். வெளிக்காற்றின் வெப்பத்தையும் உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் உள்ள கார், மிதமான குளிரில் அதே மின்சாரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு தரும். ஹீட் பம்ப் இல்லையென்றால் இருக்கை ஹீட்டரை நம்புங்கள். ஓர் இருக்கைக்கு 100 வாட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் குளிரில் உள்காற்றுச் சுழற்சி வேண்டாம், மூச்சு ஈரம் கண்ணாடியில் படிந்து பாதை மறைந்துவிடும். அப்படிப் படிந்தால் வெளிக்காற்றைத் திறந்து ஏசியையும் சேர்த்துப் போடுங்கள்; ஈரத்தை உறிஞ்சுவது ஏசிதான்.

இனி வேகச் சார்ஜ். பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் கார்களில் பெரும்பாலும் கேபினுக்கும் பேட்டரிக்கும் ஒரே கம்ப்ரஸர்தான் (குளிர்வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கருவி). பேட்டரிக்கு இதமான வெப்பநிலை சுமார் 15 முதல் 35 டிகிரி. சார்ஜ் ஏறும்போது அது சூடானால், கட்டுப்பாட்டுக் கருவி குளிர்வாயுவைப் பேட்டரிப் பக்கம் திருப்பிவிடும். உங்களுக்குச் சற்று வியர்க்கும். இது பழுதல்ல. காற்றால் மட்டும் ஆறும் பேட்டரி என்றால், நெடுந்தூரம் விரட்டி ஓட்டிய கையோடு வேகச் சார்ஜில் செருகாமல் அரைமணி நேரமாவது நிழலில் ஆறவிடுங்கள், இல்லையென்றால் காரே சார்ஜ் வேகத்தைக் குறைத்துவிடும். உறைநிலைக்குக் கீழே இதற்கு நேர்மாறு: குளிர்ந்த செல்லில் வேகமாக ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அதனால்தான் கார் முதலில் பேட்டரியைச் சூடாக்கப் பார்க்கும்.

சார்ஜ் போடாத நேரத்திலும் குளிர்ச்சி குறைவாக இருந்தால், உடனே கேஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, முன்னால் இருந்து வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரின் தகடுகளில் தூசி, பூச்சி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்டென்சரை மெல்லிய நீரோட்டத்தில் கழுவலாம். பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும்.

கேஸ் ஏற்றியே ஆகவேண்டும் என்றால், பட்டறையில் கம்ப்ரஸருக்கு எந்த எண்ணெய் போடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். மின்சார கம்ப்ரஸரில் மோட்டார் சுருள் அந்த எண்ணெயில்தான் நனைந்து ஓடுகிறது. அதற்கென்றே மின்காப்புள்ள பிஓஇ வகை எண்ணெயைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். பெட்ரோல் கார்களுக்குப் போடும் பிஏஜி எண்ணெய் கலந்தால் மின்காப்பு குறையும். உயர் மின்னழுத்தச் சுற்றில் கசிவு என்று கார் பிழை காட்டி, ஓடவே மறுக்கலாம். கம்ப்ரஸரையே மாற்ற வேண்டியும் வரலாம். முந்தைய காருக்கு கேஸ் ஏற்றிய பட்டறை இயந்திரத்தின் குழாயில் தங்கிய மிச்சமே இதற்குப் போதும். குழாயைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் இணைக்கிறார்களா என்று நின்று பாருங்கள். கம்ப்ரஸரில் ஒட்டியிருக்கும் லேபிளில் எண்ணெயின் பெயர் இருக்கும், அதே பெயர்தான் டப்பாவிலும் இருக்க வேண்டும்.