வெள்ளவத்தை பிளாட்: முத்திரையில் எழுதிய ஒப்பந்தம் செல்லுமா?

வெள்ளவத்தை பிளாட்டை வாங்க அட்வான்ஸ் கொடுத்து, முத்திரை ஒட்டிய கடதாசியில் விற்பவரோடு ஒப்பந்தம் எழுதியிருக்கிறீர்கள்; அது செல்லுமா என்று கேட்கிறீர்கள். பிளாட்டை உங்களுக்கு எழுதித் தரச் சொல்லி அந்தக் கடதாசியை வைத்து விற்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது. கொடுத்த 5 லட்சம் அட்வான்சைத் திருப்பிக் கேட்கலாம்.

இருவரும் முத்திரையின் மேல் கையெழுத்து வைத்தோமே என்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவுப்படி, காணி, வீடு விற்பனை மட்டுமல்ல, 'விற்கிறேன்' என்ற வாக்குறுதிகூட நொத்தாரிசு (உறுதிப் பத்திரம் எழுத உரிமம் பெற்றவர்) முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டினாலே ஒப்பந்தம் செல்லுபடியாகிவிடும் என்பது நம்மவரிடையே சாகாத நம்பிக்கை.

கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நொத்தாரிசின் அத்தாட்சியும் உறுதி இலக்கமும் இருக்கிறதா? இருந்தால் நான் மேலே சொன்னது மாறும். விற்கச் சொல்லியே வழக்குப் போடலாம்.

இல்லையென்றாலும் எறிந்துவிடாதீர்கள். காசு கைமாறியதற்கு அது சான்று. வங்கிச் சிட்டையையும் வாட்ஸ்அப் செய்திகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, முதலில் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். இழுத்தடிக்க விடாதீர்கள், இப்படியான கோரிக்கைக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் காலவரை.

அப்புறம், உங்களிடம் யாரோ சொன்ன 'பிரதிபயன் (வாக்குறுதிக்குப் பதிலாகக் கொடுக்கும் மதிப்பு) இல்லாததால் செல்லாது' என்ற கதை இந்திய, ஆங்கிலேயச் சட்டப் புத்தகத்தில் வருவது. இங்கே ஒப்பந்தத்துக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். பிரதிபயனுக்குப் பதிலாக, ஒப்பந்தத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் போதும்.

கடதாசியைப் பார்க்காமல் எழுதுகிறேன். அட்வான்ஸ் பறிமுதலாகும் என்று அதில் ஏதாவது வரி இருந்தால் சட்டத்தரணியிடம் அதை முதலில் காட்டுங்கள்.