கடன் கழுத்தை நெரிக்கும்போது: வாசகர் கேள்விகள்

கேள்வி: பொருளாதாரம் சரிந்தால் தற்கொலைகள் கூடும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், கரூர்)

பதில்: பல நாடுகளில் உண்மை. பளிச்சென்று தெரிந்தது ஜப்பானில். 1997 நவம்பரில் யமாய்ச்சி பங்குத் தரகு நிறுவனமும் ஹொக்கைடோ டகுஷொக்கு வங்கியும் ஒரே மாதத்தில் விழுந்தன. போலீஸ் கணக்குப்படி அந்த ஆண்டில் தற்கொலைகள் 24,391. மறு ஆண்டில் 32,863. கூடியதில் பெரும்பங்கு நடுத்தர வயது ஆண்கள். அதன் பிறகு 2011 வரை எண்ணிக்கை 30,000க்குக் கீழே இறங்கவே இல்லை.

வறுமை என்று மட்டும் சொல்லி இதை முடித்துவிட முடியாது. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதும் அபூர்வம். ஆனால் கடன் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். வங்கி கையை விரித்ததும் சிறுதொழில் செய்பவர் தனியார் கடன் நிறுவனத்துக்குப் போவார். அங்கே 2000 முதல் வட்டி 29.2 சதவீதம் வரை இருந்தது, அதற்கு முன் இன்னும் அதிகம். உறவினரோ நண்பரோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். தவணை நின்றால் முழுக்கடனையும் அவரிடமே நேரடியாகக் கேட்கலாம். தொழில் நொடித்தவர் இன்னொரு குடும்பத்தையும் இழுத்துவிட்டோமே என்று குமைந்து, யாரிடமும் வாய் திறக்கமாட்டார். நிதியாண்டு முடியும் மார்ச்சில் தற்கொலைகள் கூடுவதைப் பார்த்துத்தான் ஜப்பான் அரசு அந்த மாதத்தையே தடுப்பு மாதமாக்கியது.

கேள்வி: ஜப்பானில் பிறகு எப்படிக் குறைந்தது? (வாசகி, தேனி)

பதில்: 2006இல் தற்கொலைத் தடுப்புக்கென்றே தனிச்சட்டம் வந்தது. அதே ஆண்டு தனியார் கடன் நிறுவனங்களுக்கான சட்டத்தையும் திருத்தினார்கள். 2010 ஜூனில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது வட்டி உச்சவரம்பு 20 சதவீதம். இந்த நிறுவனங்களிடம் ஒருவர் வாங்கும் மொத்தக் கடன் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 2012இல் எண்ணிக்கை 27,858. சட்டம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும், உபதேசத்தைவிட வட்டிக்கு வைத்த வரம்பு மேல் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: கடனில் மாட்டிய அண்ணன் யாரிடமும் பேசுவதில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், திருப்பூர்)

பதில்: முதலில் “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். 14416இல் (டெலி மனஸ், அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம், தமிழக அரசின் 104 உதவி எண்ணும் உண்டு. அதற்கப்புறம் கணக்கு. யாரிடம், அசல் எவ்வளவு, வட்டி என்ன, ஜாமீன் யார் என்று ஒரே தாளில் எழுதுங்கள். மொத்தத் தொகை அவருக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். வங்கியின் வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கந்துவட்டி என்றால் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுக்கலாம்.