இலை செழிக்கிறது, பூவைக் காணோம்: தோட்ட வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மொட்டை மாடியில் பைகளில் தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்க்கிறேன். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து வாரம் தவறாமல் ஊற்றுகிறேன். செடிகள் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கின்றன. இரண்டு மாதமாகியும் தக்காளியில் பூ இல்லை. வேறு எந்த இயற்கை உரத்தைச் சேர்க்கலாம்?
— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன்னால், ஊற்றிக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறத்தாழ 7 விழுக்காடு இருக்கிறது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) ஒன்றரை விழுக்காட்டை ஒட்டியே உள்ளன. வாரந்தோறும் அதையே குடிக்கும் செடி இலையும் தண்டுமாகப் பெருக்குமே தவிர, பூக்க அவசரப்படாது. இயற்கை உரம் என்பதால் எவ்வளவு கொடுத்தாலும் கெடுதல் இல்லை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. செடிக்கு அந்த வேறுபாடு தெரியாது. புண்ணாக்கிலிருந்து வந்தாலும் யூரியாவிலிருந்து வந்தாலும், வேருக்குள் போகும்போது தழைச்சத்து பெரும்பாலும் நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோதான் போகிறது.

மூன்று, நான்கு வாரங்களுக்கு வெறும் தண்ணீர் மட்டும் விடுங்கள். பைக்கு நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். நிழலில் நிற்கும் தக்காளிக்கு எந்த உரமும் பூவை வரவழைக்காது. அதன் பிறகு, பதினைந்து நாளுக்கொரு முறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு மேல்மண்ணோடு கிளறிவிட்டால் போதும். மண்புழு உரத்தில் சத்தின் அளவு குறைவுதான், ஆனால் அது மெல்ல மெல்லக் கிடைப்பதால் அளவு சற்று மிஞ்சினாலும் செடி கருகாது. பூக்கும் பருவத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீதம் பஞ்சகவ்யாவை (பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்) கலந்து, வடிகட்டி, மாலை வேளையில் தெளிக்கலாம். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். அந்த எரிச்சலிலேயே பஞ்சகவ்யாவைக் கைவிட்டவர்கள் உண்டு.

பூவுக்கு மணிச்சத்து வேண்டும் என்று பலரும் இந்தக் கட்டத்தில் எலும்புத்தூளை வாங்கிப் போடுவார்கள். மண்ணில் கரைந்து வேருக்குக் கிடைக்க அதற்கு மாதக்கணக்கில் ஆகும். களர்த்தன்மை, அதாவது காரத்தன்மை, உள்ள மண்ணில் அதுவும் சரியாக நடப்பதில்லை. அடுத்த பருவத்துக்குப் பையை நிரப்பும்போது, செம்மண், மக்கிய தொழுவுரம், கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவு ஆகியவற்றோடு ஒரு கைப்பிடி எலும்புத்தூளையும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கையும் கலந்துவிடுவதே அதற்குரிய நேரம். வேப்பம் புண்ணாக்கு வேரை அரிக்கும் நூற்புழுக்களை மட்டுப்படுத்தும். தழைச்சத்து ஒரேயடியாக வெளியேறி வீணாகாமலும் பார்த்துக்கொள்ளும். தென்னைநார்க் கழிவை மட்டும் உரம் என்று எண்ணிவிட வேண்டாம்; அது ஈரம் காக்கும் பொருள், உணவு அல்ல. சரியாக மக்காததாக இருந்தால், மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தன்னை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்காக இழுத்துக்கொள்ளும்.

கத்தரியையும் மிளகாயையும் பற்றி நீங்கள் குறை சொல்லவில்லை என்பதால், அவற்றுக்குப் புண்ணாக்குக் கரைசலைப் பாதியாகக் குறைத்தால் போதும் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

கேள்வி: தொட்டியிலுள்ள கறிவேப்பிலையின் கொழுந்து வெளிறி வருகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறோம்.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் முற்றிய அடியிலைகள் மஞ்சளாகும். கொழுந்து வெளிறி நரம்பு பச்சையாக நின்றால் பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லாமல் போய்விடவில்லை. சுண்ணாம்பு மிகுந்த உப்புத் தண்ணீரால் மண் களர்த்தன்மை அடையும்போது அந்த இரும்பு வேருக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. சாம்பலும் சுண்ணாம்பே ஆன முட்டை ஓடும் அதே பக்கம்தான் மண்ணைத் தள்ளுகின்றன. சாம்பலின் விளைவு உடனே தெரியும், முட்டை ஓடு கரையவே வெகுநாள் ஆகும். இரண்டையும் நிறுத்துங்கள்.

புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வாரம் ஒரு முறை வேரடியில் ஊற்றும் பழைய வழக்கம் ஓரளவுக்கு உதவும். மழைநீரைச் சேமிக்க முடிந்தால் அதை முதலில் இந்தச் செடிக்குக் கொடுங்கள். மேல்மண்ணில் இரண்டு அங்குலம் மக்கிய தொழுவுரம் போடுங்கள். கொழுந்து தேறவில்லை என்றால், நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும் இரும்பு உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலைமேல் தெளிக்கலாம். தெளித்த பின் சில நாள் அந்த இலையைச் சமையலுக்குப் பறிக்காதீர்கள். இது இரசாயன உப்பு என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. குறைபாடு கண்ணுக்குத் தெரியும்போது இரும்பைக் கொடுப்பது இயற்கை வேளாண்மைக்குப் பகையல்ல.

கேள்வி: ஆமணக்குப் புண்ணாக்கு விலை மலிவாகக் கிடைக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்குப் போடலாமா? வீட்டில் நாய் வளர்க்கிறோம்.
— ஒரு வாசகர், சேலம்

பதில்: செடிக்கு நல்லது, உங்கள் வீட்டுக்கு வேண்டாம். அதில் ரிசின் என்னும் நச்சுப் புரதம் எஞ்சியிருக்கலாம். எலும்புத்தூளோடு கலந்து போட்டால் அந்த வாடைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்றுவிடும். வேப்பம் புண்ணாக்கையே வாங்குங்கள். அதன் கசப்புக்கு நாய் வாய் வைப்பது அரிது.