பொறுப்பைக் கையளிக்க முன்னர்: ஒரு புடவைக்கடை முதலாளிக்கு

கேள்வி: புறக்கோட்டையில் புடவை மொத்த வியாபாரம் செய்கிறேன். வயது போகிறது. கன காலமாக என்னோடு நிற்கும் இரண்டு பொடியன்களிடம் பொறுப்பைக் கொடுக்க விருப்பம். ஆனால் என்னைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டார்கள். பிழை நடந்தால் ஸ்டொக் எடுக்கும்போதுதான் எனக்குத் தெரியவரும். ஒருவனைத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பியும் மாற்றமில்லை. அடுத்த வருடம் என் மகனும் கடைக்கு வருகிறான். என்ன செய்யலாம்? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: பயிற்சி வகுப்பில் கேட்டது சில நாளில் மறந்துபோகும். வருடக்கணக்காக உங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தது மறக்காது. அவர்கள் எதைப் பார்த்திருப்பார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.

சரக்குக் கொடுத்த இறக்குமதிக்காரர் காசு கேட்டு அழைக்கிறார். "நான் இல்லையெண்டு சொல்லு" என்று போனைப் பொடியனிடம் நீட்டுகிறீர்கள். இது நடக்காத கடை குறைவு. சங்கடமான செய்தியைத் தள்ளிப்போடுவதுதான் இந்தக் கடையின் முறை என்று அவன் அன்றைக்கே விளங்கிக்கொள்கிறான். பிறகு ஒரு கட்டு துணி குறைந்தால் அவன் ஏன் உங்களிடம் ஓடிவரப் போகிறான்? அடுத்த அழைப்பை நீங்களே எடுங்கள். "இந்தக் கிழமை ஏலாது, 25ஆம் திகதி பாதி தாறன்" என்று அவன் காதுபடச் சொல்லுங்கள். 25ஆம் திகதி அந்தப் பாதியை அவனிடமே கொடுத்தனுப்புங்கள்.

அடுத்தது லாச்சி. காசு உங்களுடையதுதான். ஆனால் துண்டு எழுதாமல் ஐயாயிரம் எடுத்தால் பின்னேரம் கணக்கு முட்டாது; சந்தேகம் காசுக்கு இருந்தவன்மீது விழும். சந்தேகத்துக்கு ஆளானவன் பொறுப்பெடுக்க முன்வரமாட்டான். இனி யார் எடுத்தாலும் துண்டு, நீங்கள் எடுத்தாலும்.

சம்பள விஷயம் இவற்றைவிடப் பெரியது. ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியரிடமிருந்து 8 வீதமும் உங்களிடமிருந்து 12 வீதமும் போகவேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கான 3 வீதம் முழுக்க உங்கள் பங்கு. உங்கள் பங்கை ஊழியரின் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஒரு பகுதியை வாழ்க்கைச் செலவுப் படி என்று பெயர் மாற்றினாலும் அதுவும் கணக்கில் சேரும். இருந்தும் கையில் கொடுப்பது ஒரு தொகை, பதிவில் காட்டுவது இன்னொரு தொகை என்று நடத்தும் கடைகள் உண்டு. உங்கள் கடை அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு முகாமையாளராக வருபவனிடம்தானே மாதாந்தப் படிவத்தை நிரப்பக் கொடுப்பீர்கள்? இரண்டு தொகையும் பொருந்தாவிட்டால், கூட வேலை செய்தவர்கள் பக்கமா, உங்கள் பக்கமா என்று முதல் மாதமே அவனைத் தவிக்க விடுகிறீர்கள். நேர்மையானவன் வேறு வேலை தேடுவான். பதிவில் குறை இருந்தால், பொறுப்பு மாற முன்னர் கணக்காளரை வைத்துத் திருத்துங்கள். செலவு வரும்தான், வந்தாலும் செய்யுங்கள்.

இவ்வளவும் சரியானால் கையளிப்பது கடினமில்லை. ஒருவனிடம் ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள். ஹட்டன், வவுனியா, மட்டக்களப்பிலிருந்து வரும் வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் முடிவு அவனுடையதாக இருக்கட்டும். ஆளுக்கு இவ்வளவு என்று ஓர் எல்லை வைத்து, அதை எழுதிக் கையில் கொடுங்கள். அந்த எல்லைக்குள் அவன் எடுத்த முடிவை வாடிக்கையாளர் முன்னால் மாற்றாதீர்கள். பிடிக்காவிட்டால் கடை பூட்டிய பிறகு கதையுங்கள். வாடிக்கையாளர் முன்னால் ஒருமுறை மாற்றினாலே போதும், அடுத்த முறை அவர் நேரே உங்களிடம்தான் வருவார். பொடியனும் பழையபடி உங்கள் முகத்தைப் பார்ப்பான்.

காசோலை ஒன்று திரும்பத்தான் செய்யும். அவன் தானாக வந்து சொன்னால், முதலில் "இனி என்ன செய்யப்போறாய்?" என்று கேளுங்கள். ஏன் கொடுத்தான் என்ற விசாரணை அடுத்த நாளைக்கு இருக்கட்டும். உங்கள் காலத்தில் நீங்கள் கொடுத்து வராமல் போன கடன்கள் பழைய கொப்பியில் இருக்கும். அதையும் எடுத்துக் காட்டுங்கள், எந்தெந்த அறிகுறியைக் கவனிக்காமல் விட்டீர்கள் என்பதோடு. எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

மகன் வருவதை அந்த இருவருக்கும் நீங்களே சொல்லுங்கள், வேறு வாயால் தெரியவரக்கூடாது. அவர்களுடைய பதவி என்ன, சம்பளம் என்ன என்பதையும் அப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முதல் வருடம் மகன் ஸ்டோரில், அவர்களில் ஒருவனுக்குக் கீழ் வேலை பழகட்டும். கடை திறக்கும் நேரத்துக்கு அவனும் நிற்கவேண்டும். "தம்பி, நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்" என்று கடன் கேட்டு அவனிடம் வருவார்கள். அவர்களை அந்தப் பொடியனிடமே அனுப்பவேண்டும் என்பதை வீட்டில் கதைத்து முடித்துவிட்டு மகனைக் கடைக்குக் கூட்டி வாருங்கள்.