மூடிய தொழிலில் இருந்து என்ன கற்றுக்கொள்வது? ஒரு மாவுக் கணக்கு

கேள்வி: இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் தொழிலை ஆரம்பித்து எட்டு மாதத்தில் மூடிவிட்டேன். தோல்விதான் பாடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பாடம் என்ன என்றுதான் தெரியவில்லை. மறுபடி தொடங்கலாமா?

பதில்:

தொழிலை மூடியவர்களிடம் ஏன் என்று கேட்டால் அநேகமாக மூன்று பதில்தான் வரும். வியாபாரம் ஓடவில்லை, போட்டி அதிகம், நேரம் சரியில்லை. மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு அடுத்த முறை எதையும் மாற்றிச் செய்ய முடியாது. எந்தக் கணக்கு முதலில் இடித்தது, எந்த மாதத்தில் இடித்தது என்று கண்டுபிடித்தால்தான் கை வைக்க ஓர் இடம் கிடைக்கும். பில், நோட்டு, ஜிபே விவரம் எல்லாம் கையில் இருக்கும்போதே இதற்கு உட்கார்ந்துவிடுங்கள். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் மனசு தனக்குத் தோதான ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் ஒரு கிலோ பாக்கெட்டின் கணக்கு. நான் உதாரணத்துக்கு எண்கள் போடுகிறேன், உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 1 கிலோ இட்லி அரிசி 40 ரூபாய், 250 கிராம் உளுந்து 27 ரூபாய், வெந்தயமும் உப்பும் 2 ரூபாய். மொத்தம் 69. இதில் ஏறக்குறைய 3 கிலோ மாவு கிடைத்தால் கிலோவுக்கு 23 ரூபாய். கவர் 2, கரண்ட் 1 சேர்த்தால் 26. கடைக்கு 36 ரூபாய்க்குக் கொடுத்தால் பாக்கெட்டுக்கு 10 ரூபாய் நிற்கிறது. வாடகை, ஒரு ஆள் சம்பளம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாதம் 22,500 என்றால் ஒரு நாளைக்கு 750. அதாவது தினம் 75 பாக்கெட் போனால் கையைக் கடிக்காது.

இந்த 75-ஐ நம்பித்தான் பலர் இறங்குகிறார்கள். ரிட்டர்னைச் சேர்த்துப் பாருங்கள். 100 பாக்கெட் போட்டு 15 திரும்பி வந்தால், விற்றது 85, வரவு 3,060, செலவு 2,600. மிச்சம் 460. நூற்றுக்கு 15 பாக்கெட் திரும்பியதில் லாபத்தில் பாதிக்கு மேல் காலி. இப்போது 750 ரூபாயை எடுக்க 75 பாக்கெட் போதாது, 163 பாக்கெட் போட வேண்டும். ரிட்டர்ன் 28-ஐத் தொட்டால் மிச்சமே இல்லை. 30 திரும்பினால் போடும் ஒவ்வொரு 100 பாக்கெட்டுக்கும் 80 ரூபாய் நஷ்டம். அந்த நிலையில் இன்னும் பத்து கடை பிடித்தால் சரியாகிவிடும் என்று வண்டியை விரட்டினால் நஷ்டம்தான் வேகமாகக் கூடும். வியாபாரம் ஓடவில்லை என்று நாம் சொல்வதில் பல நேரம் ஒளிந்திருப்பது இதுதான். வியாபாரம் ஓடியிருக்கும், சரக்கும் திரும்பி வந்திருக்கும்.

ஆகவே பழைய நோட்டை எடுத்துக் கடைவாரியாக எழுதுங்கள்: தேதி, போட்டது, திரும்பியது, ஏன் திரும்பியது. இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். எழுதி வைக்கவில்லை என்றால் கடைக்காரர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள், நினைவிருக்கும்.

எல்லாக் கடையிலும் இரண்டாம் நாளே புளித்திருந்தால் கோளாறு உங்கள் பட்டறையில். கிரைண்டர் நெடுநேரம் ஓடினால் கல் சூடேறி மாவும் சூடாகும். சித்திரை, வைகாசியில் சொல்லவே வேண்டாம். உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் விட்டு அரைப்பதும், பாக்கெட் போட்ட கையோடு குளிரில் வைப்பதும் இதற்காகத்தான். நன்றாகப் பொங்கிய பிறகு பாக்கெட் போட்டால் கடைக்குப் போகும்போதே பாதி ஆயுள் முடிந்திருக்கும். சில கடைகளில் மட்டும் புளித்தால் அந்தக் கடை ஃப்ரிட்ஜைப் பாருங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி அணைத்துவிட்டுப் போகிற கடைகள் உண்டு. காலையில் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும், இரவு முழுக்க மாவு புளித்த கதை தெரியாது. கவர் உப்பி வந்தால், புளிக்கும்போது வரும் காற்றுக்கு இடம் விடாமல் விளிம்பு வரை நிரப்பியிருப்பீர்கள்.

இவை எதுவும் இல்லை, நல்ல மாவு அப்படியே தேதி முடிந்து திரும்பியது என்றால், தேவைக்கு மேல் போட்டிருக்கிறீர்கள். இது மிகவும் சாதாரணம். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் எந்தக் கடைக்காரரும், 'வெச்சுட்டுப் போங்க' என்பார். அவருக்குச் செலவில்லை. அதை ஆர்டர் என்று நாம் எடுத்துக்கொள்வதுதான் பிழை.

அடுத்து பாக்கி. லாபம் இருந்தும் மூடுகிற தொழில்கள் இங்கேதான் மூச்சுத் திணறுகின்றன. தினம் 3,060 ரூபாய் சரக்கு, 15 நாள் கடன் என்றால் 45,900 ரூபாய் எப்போதும் கடைகளில் நிற்கும். அரிசி மண்டியிலோ ரொக்கம் கேட்பார்கள். இந்த ஓட்டையை அடைக்கத் தண்டல் வாங்கியிருந்தால் அதையும் கணக்கில் எழுதுங்கள். 9,000 கையில் வாங்கி 100 நாள் தினம் 100 ரூபாய் கட்டுவது பார்க்கச் சின்னதாகத் தெரியும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 80 சதவீதத்துக்குப் பக்கம் வரும். பாக்கெட்டில் நிற்கும் 10 ரூபாய் இதைத் தாங்காது.

வாங்குவதை நிறுத்தியவர்களில் பத்துப் பேரையாவது பாருங்கள். 'மாவு நல்லா இருந்துச்சா?' என்று கேட்காதீர்கள். நம் மக்கள் முகத்துக்கு நேரே, 'நல்லாத்தாங்க இருந்துச்சு' என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எப்போது வாங்கினீர்கள், அதற்கடுத்த தடவை மாவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டிலேயே அரைத்தார்களா, வேறு பாக்கெட்டா, பக்கத்துத் தெருவில் பாத்திரம் கொண்டுபோய் வாங்கினார்களா என்பதில்தான் உங்கள் உண்மையான போட்டி யார் என்று தெரியும்.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவான சானிட்டரி நாப்கின் செய்ய முதலில் எடுத்தது பஞ்சு. அது சரிப்படவில்லை. பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது பஞ்சு அல்ல, மரக்கூழில் இருந்து வரும் நார் என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. பெண்கள் வாங்கத் தயங்குகிறார்கள் என்று முடிவு கட்டி விட்டிருக்கலாம். பிழை மூலப்பொருளில் என்று பிரித்துப் பார்த்ததால்தான் அந்த நாரை அரைக்கும் சின்ன இயந்திரம் வந்தது. 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரைப் பற்றிப் பேசும்போது விடாமுயற்சியை மட்டும் சொல்கிறார்கள். எந்த இடத்தில் பிழை என்று தேடிய அந்த வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூடுவதையும் ஒழுங்காக மூடுங்கள். ஜிஎஸ்டி எடுத்திருந்தால் ஆர்இஜி-16 படிவத்தில் ரத்துக்கு விண்ணப்பித்து, ரத்தான பின் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். சும்மா விட்டால் தாமதக் கட்டணம் நாள்கணக்கில் ஏறும். வங்கிக் கடனை முழுதாகக் கட்டி முடிக்க முடிந்தால் அப்படியே முடியுங்கள். குறைத்துக் கட்டி செட்டில்மென்ட் செய்தால் அது சிபில் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் 'செட்டில்டு' என்று நிற்கும், அடுத்த கடனுக்கு இடைஞ்சல். எப்படி முடித்தாலும் பாக்கியில்லாச் சான்று வாங்காமல் வராதீர்கள்.

மறுபடி தொடங்கலாமா என்றால், மேலே சொன்ன கணக்கில் பிழை ஒரே இடத்தில் இருந்து, அது உங்கள் கையில் இருக்கும் விஷயமானால் தொடங்கலாம். கடைக்காரர் ஃப்ரிட்ஜ் உங்கள் கையில் இல்லை. எத்தனை பாக்கெட் போடுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஆள், வாடகை எதுவும் இல்லாமல் 30 நாள் சோதனையாகச் செய்யுங்கள். பழைய கடைகளில் ரிட்டர்ன் குறைவாக வந்த எட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் விற்றதற்கு மேல் இரண்டு பாக்கெட், அவ்வளவுதான். ரிட்டர்ன் எடுக்க மாட்டோம், பதிலாக 35 ரூபாய்க்குத் தருகிறோம், ரொக்கம் என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கடைகள் மறுக்கும். ஒத்துக்கொள்ளும் கடைக்கு மாவு உண்மையிலேயே தேவைப்படுகிறது. இன்னொரு பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, வந்த அளவுக்கு மட்டும் அரைத்துக் காலையில் கொடுங்கள்.

தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்: இதில் போடப்போகும் மொத்தப் பணம் எவ்வளவு, 21-ஆம் நாள் ரிட்டர்ன் நூற்றுக்கு எத்தனைக்கு மேல் இருந்தால் நிறுத்துவது. இடையில் நீங்களே அந்த எண்ணை மாற்றக் கூடாது. அந்த 21-ஆம் நாள் அவரையே நோட்டைப் பிரித்துக் கூட்டச் சொல்லுங்கள்.