ஸ்மார்ட் கண்ணாடியின் திரை, ஆள் வரும்போது மட்டும் எரிந்து தானாக அணைய என்ன வழி?

ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினியைக் கொண்டு செய்த ஸ்மார்ட் கண்ணாடியின் (தேதி, நேரம் போன்றவற்றையும் காட்டும், முகம் பார்க்கும் கண்ணாடியின்) திரை, எதிரே ஆள் நிற்கும்போது மட்டும் எரிந்து, மற்ற நேரத்தில் தானாக அணைந்திருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நான் ஏறத்தாழ ஓராண்டு அலைந்திருக்கிறேன். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். நீங்களும் என்னைப் போலப் பழைய எல்.சி.டி. மானிட்டர் ஒன்றைக் கழற்றி, முகத்தையும் காட்டி, பின்னாலிருந்து வரும் ஒளியையும் விடும் இருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் பொருத்தி, தேதி முதலியவற்றைத் திரையில் காட்டும் மேஜிக்மிரர் மென்பொருளை ஓடவிட்டிருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு நடையில் இதை நான் மாட்டியது அப்பாவுக்காக. அஞ்சலகத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். காலையில் முத்திரையின் தேதியை மாற்றி வைப்பதுதான் முதல் வேலை என்று இன்றும் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு 76 வயதில், இன்று என்ன கிழமை என்பதே அடிக்கடி மறந்துபோகத் தொடங்கியது. இதற்கெல்லாம் தினசரி காலண்டர் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். நாங்களும் முதலில் அதைத்தான் நம்பினோம். ஒரே காலையில் நான்கு தாள்களைக் கிழித்துவிட்டு, எந்தத் தாள் உண்மை என்று தெரியாமல் அவர் தவித்து நின்றதைப் பார்த்த பிறகுதான், தலை வாரும் கண்ணாடியிலேயே தேதியும் கிழமையும் மாத்திரை நேரமும் பெரிய எழுத்தில் தெரியும்படி செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது.

மாட்டிய மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, நடையில் தெரிந்த வெளிச்சத்தை விடியல் என்று எண்ணி எழுந்த அப்பா, பச்சைத் தண்ணீரில் குளித்து முடித்து, பால்காரருக்காகத் திண்ணையில் காத்திருந்தார். மறுநாளிலிருந்து அம்மா இருட்டியதும் கண்ணாடியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். இரவில் கண்ணாடி பார்க்கக் கூடாது என்பது அவருடைய பழைய நம்பிக்கை. ஆனால் அன்று அவர் செய்தது முற்றிலும் சரியான காரியம் என்றே நான் நினைக்கிறேன். திரையை அணைக்கும் ஏற்பாடு ஓர் அலங்காரச் சேர்க்கை என்று இதைச் செய்கிற பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அணையத் தெரியாத திரையை வீட்டுக்குள் மாட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நான் செய்த தவறு, இரவு பத்து மணிக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து மின்சாரத்தைத் துண்டிக்கும் டைமர் பிளக் ஒன்றை வாங்கியது. முறைப்படி மூடாமல் மின்சாரத்தை நிறுத்தினால் ராஸ்பெர்ரி பையின் எஸ்.டி. அட்டையில் (அதன் நினைவக அட்டையில்) உள்ள கோப்புகள் கெட்டுப்போகலாம். இரண்டே மாதத்தில் என் அட்டை கெட்டது. அடுத்து, திரையில் முழுக் கறுப்பைக் காட்டும்படி செய்தேன். அதுவும் பயன்படவில்லை. எல்.சி.டி. திரையில் கறுப்பு என்பது ஒளி இல்லாமை அல்ல. பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், அதன் சாம்பல் நிற ஒளி இருட்டில் நன்றாகவே கசியும். ஆகவே மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க, கணினியையும் மானிட்டரையும் இணைக்கும் ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகப் போகும் சமிக்ஞையை மட்டும் நிறுத்த வேண்டும். அப்போது பெரும்பாலான மானிட்டர்கள் சில நொடிகளில் பின்விளக்கையும் அணைத்து உறங்கிவிடும். சமிக்ஞை இல்லை என்ற எழுத்தோடு நீலத் திரையைக் காட்டிக்கொண்டே இருக்கும் மானிட்டர்களும் உண்டு என்பதால், சட்டகத்துக்குள் பொருத்துவதற்கு முன்பே கேபிளைப் பிடுங்கிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சமிக்ஞையை நிறுத்த, பழைய ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தில் வி.சி.ஜென்.சி.எம்.டி. (vcgencmd) என்ற கட்டளை இருந்தது. எனக்கும் நன்றாக வேலை செய்தது. 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பை நிறுவியதும் அதே கட்டளையைக் கொடுத்தால் திரை அசையவே இல்லை. அந்தப் பதிப்பு, திரையில் படம் காட்டுவதற்கு வேலேண்ட் என்ற முறைக்கு மாறிவிட்டதால், அதில் டபிள்யூ.எல்.ஆர்-ரேண்டார் (wlr-randr) கட்டளையில் ஹெச்.டி.எம்.ஐ. வெளியீட்டின் பெயரைக் குறிப்பிட்டு அணைக்கவோ எரியவிடவோ சொல்ல வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. எந்த ஆண்டில், எந்தப் பதிப்பில் செய்தோம் என்று ஒரு வரி கூட எழுதாமல் செய்முறைக் குறிப்புகளைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. பொழுதுபோக்காகச் செய்கிறவரிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்பீர்களானால், அந்த ஒரு வரியை எழுத அரை நிமிடம் போதும் என்பதே என் பதில். குறித்த நேரத்தில் இயங்கும்படி இந்தக் கட்டளையை க்ரான் என்ற நேர அட்டவணை நிரலில் எழுதினால், வேலேண்ட் திரையின் பெயரையும் பயனரின் ரன்டைம் கோப்புறையையும் அங்கேயே சூழல் மாறிகளாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் எந்தத் திரையை அணைப்பது என்று அதற்குத் தெரியாது.

இனி ஆளை உணரும் பகுதிக்கு வருகிறேன். நான் வாங்கியது ஹெச்.சி-எஸ்.ஆர்.501 என்ற பி.ஐ.ஆர். சென்சார், அதாவது உடல் வெப்பத்தைக் கொண்டு ஆள் அசைவை உணரும் கருவி. 5 வோல்ட் மின்சாரத்தில் ஓடினாலும் 3.3 வோல்ட் வெளியீடே தருவதால் பையின் இணைப்பு ஊசிகளுக்கு ஆபத்தில்லை. அழகு கெடக் கூடாது என்று அதைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். எதிரே நின்று கையை ஆட்டினாலும் அது உணரவே இல்லை. சென்சார் பழுது என்று இன்னொன்றும் வாங்கினேன். உண்மையில் பழுது என் அறிவில்தான் இருந்தது. மனித உடலிலிருந்து வரும் வெப்பக் கதிர்கள் 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில்தான் மிகுதியாக இருக்கும். கண் காணும் ஒளியை விடும் கண்ணாடி, அந்தக் கதிர்களை விடாது. அக்ரிலிக் பிளாஸ்டிக்கும் விடாது. சென்சாரின் தலையில் உள்ள வெள்ளைக் குமிழ் பாலிஎத்திலீனால் செய்யப்பட்டிருப்பது அதனால்தான். கடைசியில் மரச் சட்டகத்தின் கீழ்ப்பகுதியில் துளை போட்டு, குமிழ் மட்டும் வெளியே தெரியும்படி வைத்தேன். ராஸ்பெர்ரி பையை ஒட்டிச் சென்சாரை வைத்தபோது வைஃபை அலைகளால் ஆளில்லாமலே திரை எரிந்தது. ஒரு முழம் தள்ளி வைத்ததும் அது நின்றது.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தானா இவ்வளவு பாடு என்று யாரேனும் எழுதும் முன் சொல்லிவிடுகிறேன்: 20 வாட் மானிட்டர் இரவும் பகலும் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 29 யூனிட் ஆகும். அது சிறிய தொகை இல்லை என்றாலும், என் நோக்கம் அதுவன்று.

நேர அளவு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். சென்சாரில் உள்ள நேரத் திருகைக் குறைந்தபட்சத்தில் வைத்து, எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை நிரலில் எழுதுங்கள். நான் முதலில் 30 நொடி வைத்தேன். பி.ஐ.ஆர். சென்சார் அசைவை மட்டுமே காணும். அசையாமல் நிற்பவர் அதற்கு இல்லாதவர். தேதியை நிதானமாகப் படித்துக்கொண்டு அப்பா அசையாமல் நின்றபோது திரை அணைந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்து, "ஏய்யா, நான் எதையும் தொடலையே" என்றார். அன்றே அதை ஐந்து நிமிடமாக மாற்றினேன். இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை சென்சார் என்ன சொன்னாலும் திரை எரியாதபடி நிரலில் எழுதிவிட்டு, கழிவறைக்குப் போகும் வழியில் சிறிய இரவு விளக்கு ஒன்றைப் போட்டேன். இப்போது அம்மா துண்டு போடுவதில்லை. காலையில் அப்பா சீப்போடு வந்து நின்றதும் திரை எரிகிறது. தேதியையும் கிழமையையும் வாய்விட்டுப் படித்த பிறகே தலை வாருகிறார்.